தென்திருவிதாங்கூர் எல்லைப்புறத்தில் தத்தும் எழுத்தும்

முன்னுரை

பிறர் வயிற்றில் பிறந்த குழந்தையைத் தம் மகவாக ஏற்று வளர்க்கும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் மிகப் பழமையானது. அவ்வழக்கத்தைச் சார்ந்து எழுந்த எழுத்துகளும் பலவாகும். காவியம், கதைப்பாடல், தரும நூல், அரசாணை, தத்துப் பத்திரம், நீதிமன்றத் தீர்ப்பு, வாழ்க்கை வரலாறு எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. தத்தெடுத்த குடும்பங்களுக்கும் தத்தாகச் சென்ற பிள்ளைகளுக்கும் இவ்வெழுத்துகள் எவ்வகையில் துணை நின்றன என்னும் வினா இதுவரை விரிவாக எழுப்பப்படவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புறப் பகுதிகளும் அவற்றையொட்டிய பழைய தென்திருவிதாங்கூர் நிலமும் ஏற்ற களமாகும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நிலம் இது. மக்கள்வழி, மருமக்கள்வழி என்னும் இருவேறு வாரிசு முறைகள் அடுத்தடுத்த வீடுகளில் நிலவியதும் இங்குத்தான். திருவிதாங்கூர் அரச மரபே தத்தினால் நிலைத்த மரபாகும். அம்மரபின் வாரிசுரிமைப் பூசலின் அடையாளமாக விளங்கும் அம்மச்சிப் பலா நெய்யாற்றின்கரையில் உள்ளது. எனவே, இந்நிலத்தை மையமாகக் கொண்டு, தத்து பற்றிய எழுத்துகள் யாருக்காக எழுதப்பட்டன, அவற்றுள் குழந்தையின் இடம் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லும் வழக்கும்

‘கொடுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய ‘தத்த’ என்ற வடசொல்லின் அடியாகத் ‘தத்து’ என்னும் சொல் வழங்குகின்றது. ‘தனதாக்கிக் கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய ‘சுவீகாரம்’ என்ற சொல்லும் பத்திர எழுத்தில் பெருவழக்காக உள்ளது. முதற்சொல் கொடுப்போரை நோக்கியது. இரண்டாவது கொள்வோரை நோக்கியது. கொடுக்கப்பட்டுக் கொள்ளப்படும் குழந்தையை நோக்கிய சொல் இவ்விரண்டனுள் இல்லை என்பது கருதத்தக்கது.

‘தத்து’ என்பதற்குத் தமிழில் ‘உயிருக்கு நேரும் கண்டம்’ என்னும் வேறொரு பொருளும் உண்டு. இவ்விரு சொற்களும் வேர் வேறாயினும் மக்கள் வழக்கில் அருகருகே நிற்கின்றன. அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த பெற்றோர், பின்னர்ப் பிறந்த குழந்தையைப் பிறருக்குக் கொடுத்துத் தவிட்டை விலையாகத் தந்து மீட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. தவிடு, பிச்சை, குப்பை முதலிய பெயர்கள் இதன் எச்சங்களாகும். அக்குழந்தை தம் உடைமை அன்று என்று காட்டினால் கூற்றுவன் அதனை விட்டுச் செல்வான் என்பது நம்பிக்கை. காப்பதற்காகச் செய்யப்பட்ட இப்பொய்த்தத்து, காலப்போக்கில் ஏளனச் சொல்லாக மாறியது. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சிறுவரைச் சீண்டும் வழக்கு இன்றும் மறையவில்லை. பெற்ற பிள்ளைக்கு இது விளையாட்டு. தத்துப் பிள்ளை உள்ள வீட்டில் இதே சொல் வேறு பொருள் கொள்கின்றது. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்னும் பழமொழியும் பரிவைக் கற்பிப்பதாயினும், ஊரான் பிள்ளை ஊரான் பிள்ளையாகவே நிற்கும் என்ற கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

மணிமேகலை காட்டும் ஆபுத்திரன்

தத்துப் பிள்ளையின் நிலையிலிருந்து இப்பொருளை நோக்கிய தமிழ் நூல்களுள் மணிமேகலை முதன்மையானது. கற்பு வழுவிய சாலி என்னும் வாரணாசிப் பார்ப்பனி, தன் குற்றம் நீங்கக் குமரியில் நீராடத் தென்திசை வருகின்றாள். வரும் வழியில் ஈன்ற குழவியைத் தோட்டம் ஒன்றில் இட்டு நீங்குகின்றாள். பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து அக்குழவியைக் காக்கின்றது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன், இது பசுவின் மகன் அன்று, தன் மகனே என்று மகிழ்ந்து எடுத்துச் சென்று மறைகளைக் கற்பித்து வளர்க்கின்றான். கதையின் இப்பகுதி குமரி வழியில் நிகழ்வதால் தென்கோடி நிலத்தோடு இயல்பான தொடர்புடையதாகின்றது.

வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது பூசல் எழுகின்றது. அப்பூசலில் அவனது பிறப்பை அறிந்த அந்தணன் ஒருவன் அதனை அவையறிய இழிவுரையாக வெளியிடுகின்றான். அதுவரை மகனாகப் போற்றிய இளம்பூதியும் அவனைக் கைவிடுகின்றான். அறக்கருத்து பற்றிய வாதத்திற்கு விடையிறுக்க இயலாதோர் பிறப்பினைப் படைக்கலமாகக் கொள்வதனைச் சாத்தனார் தெளிவாகக் காட்டுகின்றார். பெற்றோர் சொல்ல வேண்டிய செய்தியைப் பகைவர் சொல்லக் கேட்கும் நிலையே ஆபுத்திரனின் துயருக்கு அடிப்படை எனலாம்.

காவியம் இத்துடன் நிற்கவில்லை. மறுபிறப்பில் அவன் சாவக நாட்டில் பசுவயிற்றில் பிறந்து, மகப்பேறற்ற பூமிசந்திரன் என்னும் மன்னனுக்கு முனிவரால் அளிக்கப்பட்டுப் புண்ணியராசன் என்னும் அரசனாகின்றான். மணிமேகலை வாயிலாகத் தன் பிறப்புப் பற்றிக் கேள்வியுற்ற அவன், வளர்த்த தாயாகிய அமரசுந்தரியிடமே அதனைக் கேட்டறிந்து வருந்துகின்றான். பின்னர் மணிபல்லவம் சென்று தன் முற்பிறப்பை உணர்ந்து, தன் பழைய உடலின் எலும்பையே காண்கின்றான். அதன்பின் அரசாட்சிக்குத் திரும்புகின்றான்.

ஒரே உயிருக்கு இருமுறை தத்து நிகழ்வதும், இருமுறை பிறப்பு வெளிப்படுவதும் இக்காவியத்தின் அமைப்பில் எதிரெதிராக நிற்கின்றன. முதல் வெளிப்பாடு பகைவர் வாயிலாகப் பலர் முன் நிகழ்ந்து குடும்பத்தைச் சிதைக்கின்றது. இரண்டாவது, பரிவுடையார் வாயிலாகவும் வளர்த்த தாயின் வாயிலாகவும் நிகழ்கின்றது. துயர் தரினும் மகனைச் சிதைக்கவில்லை. அறிவது அன்று, அறியும் முறையே கேடு விளைக்கின்றது என்னும் உண்மை இவ்வொப்பீட்டால் புலனாகின்றது. இன்றைய வளர்ப்புப் பெற்றோர் எதிர்கொள்ளும் முதன்மையான வினாவுக்கு விடை ஒரு பௌத்தக் காவியத்தில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

கதைப்பாடல்களும் கேட்போரும்

காவியம் கற்றோருக்கு உரியது. எல்லைப்புற மக்களிடம் பரவலாக வழங்கியவை கதைப்பாடல்களாகும். மதுரைவீரன் கதையில், பிறந்தவுடன் காட்டில் விடப்பட்ட குழந்தையைச் சக்கிலியர் இணையர் எடுத்து வளர்க்கின்றனர். அரச மகன் என்னும் பிறப்புச் செய்தி, ஒடுக்கப்பட்ட குலத்து வீரனைப் பின்னாளில் உயர்குடியோடு இணைப்பதற்காகச் சேர்க்கப்பட்டது என ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், வளர்ப்புப் பெற்றோரே பெற்றோராக இருந்த ஒருவனைத் தத்துப் பிள்ளையாக மாற்றியது கதை என்றாகின்றது. பிறப்பே மதிப்பைத் தரும் என்ற எண்ணம் இங்கு வளர்ப்பை மேலோட்டமானதாக்கி விடுகின்றது.

தென்திருவிதாங்கூரின் கதைப்பாடல்கள் தமிழிலும் மலையாளக் கலப்புடைய தமிழிலும் வழங்கின. வில்லுப்பாட்டு இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் கோயில் கொடைகளில் நிகழ்த்தப்பட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்ஞிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் இத்தகைய தெக்கன் பாட்டுகளைத் திரட்டி வெளியிட்டவராவார். வீடுகளில் பேசப்படாத செய்திகளைக் கோயில் முற்றத்தில் ஊரார் அனைவரும் கேட்கும் வாய்ப்பினை இப்பாடல்கள் அளித்தன.

அரச மரபும் அம்மச்சிப் பலாவும்

மருமக்கள்வழி முறையில் அரசுரிமை அரசனின் மகனுக்கு அன்றி உடன்பிறந்தாளின் மகனுக்கே செல்லும். எனவே, பெண்மக்கள் இல்லையாயின் மரபு அற்றுப்போகும். இக்குறையை நீக்கத் திருவிதாங்கூர் அரச குடும்பம் வடக்கே கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்து பலமுறை தத்தெடுத்தது. ஆண்மகவைத் தத்தெடுப்பதையே தரும நூல்கள் பேசும்போது, இங்குப் பெண்மகவைத் தத்தெடுப்பது மரபின் உயிர்நாடியாக இருந்தமை இந்நிலத்தின் தனித்தன்மையாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமையம்ம ராணியின் காலத்தில் கோலத்துநாட்டிலிருந்து ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் இருவரும் தத்தெடுக்கப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு வந்த ஆண்மக்களுள் ஒருவர் 1729 வரை ஆண்ட இராமவர்மா ஆவார். பெண்மக்களுள் ஒருவரின் மகனே 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா. இராமவர்மாவின் மக்களாகிய பப்புத்தம்பியும் இராமன்தம்பியும் தந்தையின் உரிமையைக் கோரினர். மார்த்தாண்டவர்மா மருமக்கள் உரிமையைக் கோரினார். பூசலின்போது எதிரிகளிடமிருந்து தப்பிய இளவரசர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அம்மரம் அம்மச்சிப் பலா என்னும் பெயரால் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அக்கோயிலும் மார்த்தாண்டவர்மா எழுப்பியதாகும்.

இப்பூசல் பொதுவாக மக்கள்வழிக்கும் மருமக்கள்வழிக்கும் இடையிலான மோதலாகவே விளக்கப்படுகின்றது. அதனுள் தத்தின் பங்கும் உண்டு. தம்பிமாரின் தந்தையும் மார்த்தாண்டவர்மாவின் தாயும் ஒரே தத்தின் வழி வந்தவர்கள். தத்தெடுக்கப்பட்டவரின் சொந்த மக்கள் உரிமையிழந்தனர். தத்தெடுக்கப்பட்டவளின் மகன் அரசனானான். தத்து ஒருவனை அரசனாக்க வல்லது. ஆயினும் அவனைத் தந்தையாக்க வல்லதன்று என்பது இதனால் தெளிவாகின்றது. தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். அவர்கள் முடிவைப் பாடும் தம்பிமார் கதை தமிழில் கதைப்பாடலாக வழங்குகின்றது. அரசவை வரலாறு வென்றவர் பக்கம் நிற்க, வில்லுப்பாட்டு மேடை தோற்றவர் பக்கம் நின்றது.

1900ஆம் ஆண்டுத் தத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாரிசற்ற அரசுகளைத் தமதாக்கிய கொள்கையினால் தத்து அரசியல் வினாவாயிற்று. 1857இன் கிளர்ச்சிக்குப் பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. 1862இல் கானிங் பிரபு வழங்கிய சன்னது, திருவிதாங்கூர் அரசரின் தத்துரிமையை ஏற்றது. இதற்கு முன்னரே 1857இல் மாவேலிக்கரையிலிருந்து இரு பெண்மக்கள் தத்தெடுக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மூத்தவராகிய இலட்சுமி பாயிக்கு மக்கட்பேறு இல்லை. இளையவரின் மக்களும் நிலைக்கவில்லை. எனவே, மீண்டும் தத்து வேண்டியதாயிற்று.

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் சேது இலட்சுமி பாயி, சேது பார்வதி பாயி ஆகிய இருவர் தத்தெடுக்கப்பட்டனர். இருவரும் ஓவியர் இரவிவர்மாவின் பெயர்த்தியர். அவருடைய மகளிர் இருவரின் மக்கள். ஐந்து வயதுகூட நிரம்பாத நிலையில் தத்தாகச் சென்றனர். இரவிவர்மாவின் மனைவி இலட்சுமி பாயியின் உடன்பிறந்தவர் ஆதலின், இத்தத்து உறவுக்குள்ளேயே அமைந்தது. இராமேசுவர வழிபாட்டின் பயனாகப் பிறந்தமையால் சேது என்னும் பெயர் அமைந்தது என்பர். தத்தெடுத்த இலட்சுமி பாயி 1901இல் மறைந்தார். ஓராண்டிற்குள் குழந்தைகள் இரண்டாம் தாயையும் இழந்தனர்.

சேது இலட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பாளராக விளங்கினார். தேவதாசி முறை அவர் ஆட்சிக்காலத்தில் ஒழிக்கப்பட்டது. சுசீந்திரம் முதலிய கோயில்களில் பணியாற்றிய தேவதாசியர் தம் மரபு தொடரப் பெண்குழந்தைகளைத் தத்தெடுப்பதுண்டு. மரபு காக்கத் தத்தெடுக்கப்பட்ட அரசி, வேறொரு மரபு காக்க நிகழ்ந்த பெண்மகவுத் தத்தின் தேவையை முடிவுக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாற்றின் நுட்பமான ஓர் இணைவு.

இத்தத்தினைப் பற்றிய எழுத்து இருவகைப்படும். 1906இல் வெளிவந்த நாகமையாவின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடு போன்றவை அரசியல் நிகழ்வாகவே இதனை நோக்கின. நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறியது. சேது இலட்சுமி பாயியின் பெயர்த்தி இலட்சுமி இரகுநந்தன் 1995இல் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறும், 2015இல் வெளிவந்த மனு பிள்ளையின் ‘தி ஐவரி த்ரோன்’ என்னும் நூலும் தத்தாகச் சென்றவரை வாழ்வின் நடுவில் வைத்து நோக்கின. தத்தாகச் சென்றவரின் வழித்தோன்றலே குடும்ப வரலாற்றை எழுதுதல் இத்துறையில் ஒரு திருப்பமாகும்.

குடியானவர் வீடுகளில் தத்து

அரண்மனையில் நிகழ்ந்தது சிறு அளவில் தறவாடுகளிலும் நிகழ்ந்தது. தறவாட்டில் பெண்மக்கள் இல்லையாயின் உறுப்பினர் இசைவுடன் பெண்மகவைத் தத்தெடுக்கலாம். வாரிசற்ற குடும்பத்தின் சொத்தினை அரசு மேற்கொள்ளும் வழக்கம் பழங்கேரளத்தில் இருந்தமையால், தத்து சொத்தைக் காக்கும் அரணாகவும் அமைந்தது. நாஞ்சில்நாட்டு வேளாளரும் கிருஷ்ணன்வகையினரும் தமிழ் பேசும் மருமக்கள்வழியினர் ஆவர். நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே ஆண்மகனின் மக்களுக்குரிய பங்கு உகந்துடைமை என்றும், மனைவிக்குரியது நங்குடைமை என்றும் வழங்கப்பட்டது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம் இம்முறையின் அவலத்தை ஒரு காரணவரின் மனைவி வாய்மொழியாக எள்ளல் தோன்ற எடுத்துரைக்கின்றது. தத்து அந்நூலின் நேரடிப் பொருள் அன்று. எனினும், பெற்ற தந்தையின் வீட்டில் பெற்ற பிள்ளையே அயலானாக நிற்கும் நிலையை அது காட்டுகின்றது. பெற்ற மகன் உரிமையற்றவனாகவும் தத்து வழி வந்தவள் உரிமையுடையவளாகவும் இருந்த சமூகத்தில், ‘சொந்தப் பிள்ளை’ என்பது குருதியால் மட்டும் அமைவதன்று, முறையால் அமைவது என்பதை எல்லைப்புற மக்கள் அன்றாடம் கண்டனர்.

நாயர், ஈழவர் ஆகியோருக்கு 1925இலும், நாஞ்சில்நாட்டு வேளாளருக்குக் கொல்லம் 1101இலும் (1926), கிருஷ்ணன்வகையினருக்குக் கொல்லம் 1115இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் மருமக்கள்வழியைத் தளர்த்தின. கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் அதனை முடித்துவைத்தது. மரபு காக்கப் பெண்ணைத் தத்தெடுக்கும் தேவையும் அதனுடன் மறைந்தது.

சட்ட நூல்களின் நோக்கு

மக்கள்வழிக் குடும்பங்களுக்குத் தரும நூல்களே வழிகாட்டின. நந்தபண்டிதரின் தத்தக மீமாம்சையும் தத்தக சந்திரிகையும் 1821இல் சதர்லாந்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தபின் நீதிமன்றங்களில் பேரிடம் பெற்றன. பிண்டம் இடுவோனைப் பெறுதலே இந்நூல்களில் தத்தின் பயன். யார் கொடுக்கலாம், யார் கொள்ளலாம், எக்குலத்துப் பிள்ளையைக் கொள்ளலாம் என்பனவே இவற்றின் வினாக்கள்.

தமிழகத்தைப் பொறுத்தவரை 1868இல் பிரிவி கவுன்சில் வழங்கிய இராமநாதபுரம் வழக்குத் தீர்ப்பு திருப்புமுனையாகும். கணவனின் அனுமதி இல்லாத நிலையிலும், அவன் உறவினர் இசைவுடன் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது திராவிட நாட்டு வழக்கம் என அத்தீர்ப்பு ஏற்றது. நன்கு மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுத்து நூலினும் வலியது என்னும் கொள்கையும் அதனால் நிலைபெற்றது. கைம்பெண்ணின் உரிமை விரிந்தது. ஆயினும் வழக்காடியோர் சேதுபதிச் சீமைக்காகவே வழக்காடினர். தத்துப் பிள்ளையின் நலம் வினாவாகவே எழவில்லை.

மிஷன் விடுதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கம் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை ஆகிய இடங்களைப் பணிக்களமாகக் கொண்டது. விடுதிப் பள்ளிகளில் பெற்றோரற்ற பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். கடல் கடந்த கொடையாளர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்று, அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வழங்கும் வழக்கமும் இருந்தது. சட்டப்படி இது தத்து அன்று. ஆயினும் பெயர் மாற்றம், கல்வி, புதிய உறவு ஆகியன வாய்த்தன. சாதியால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றமை இதன் பயன். பழைய பெயரும் ஊரும் பல குடும்பங்களின் நினைவிலிருந்து நழுவியமை இதன் மறுபக்கம்.

கிறித்தவர்களுக்கெனத் தத்துச் சட்டம் இல்லாமையால் அவர்கள் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது. அச்சட்டம் பாதுகாவலரை நியமிக்குமேயன்றிப் பெற்றோராக்காது. 1999இல் கேரள உயர்நீதிமன்றம், கிறித்தவக் குடும்பத்தில் தத்தாக வளர்ந்த மகனின் சொத்துரிமையை ஏற்றது. கிறித்தவர் மிகுதியாக வாழும் இவ்வெல்லைப்புறத்திற்கு இத்தீர்ப்பு நேரடிப் பொருளுடையதாகும்.

1956: எல்லையும் சட்டமும்

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. உறவினர் இருபுறமும் பிரிந்தனர்.

அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இந்து தத்தெடுத்தல் மற்றும் வாழ்க்கைப் பொருளுதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லை இரண்டாகப் பிரித்த குடும்பங்களை இச்சட்டம் ஏறத்தாழ ஏழு வாரங்களில் ஒரே விதியின்கீழ்க் கொணர்ந்தது. பெண்மகவையும் தத்தெடுக்கலாம் என நாடு முழுமைக்கும் இச்சட்டம் விதித்தது. திருவிதாங்கூருக்கு அது புதிதன்று. தத்தெடுக்கும் உரிமை திருமணமான பெண்ணுக்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே கணவனுக்கு இணையாகக் கிட்டியது.

இச்சட்டத்தின்கீழ் எழுதப்படும் தத்துப் பத்திரத்தில் கொடுப்போர், கொள்வோர் இருதரப்பின் பெயரும் இடம்பெறும். சொத்து வழக்கிற்காகவே அது எழுதப்படுகின்றது. எனினும், பிள்ளையின் பிறப்பை உறுதியாகக் கூறும் ஆவணம் அதுவேயாகும். இரும்புப் பெட்டியில் சொத்துச் சான்றாக வைக்கப்பட்ட தாள், வளர்ந்த பிள்ளைக்குத் தன்னை அறியும் சான்றாகின்றது.

இன்றைய சட்டமும் நூல்களும்

பெற்றோர் அறியப்படாத குழந்தைகளுக்கு அத்தகைய பத்திரம் இல்லை. தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. கேரளத்தில் 2002 நவம்பர் 14ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அம்மத்தொட்டில் அமைந்தது. இத்தொட்டில்கள் உயிரைக் காக்கின்றன. அவற்றில் இடப்படும் குழந்தையின் முன்வரலாறு, கிடைத்த நாளும் நேரமும் உடுத்திய துணியும் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது.

இலட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் 1984இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகள், 1990இல் அமைந்த மையத் தத்தெடுப்பு வள முகமை, 2000, 2015ஆம் ஆண்டுகளின் இளைஞர் நீதிச் சட்டங்கள் ஆகியவை குழந்தையின் நலனை முதன்மையாக்கின. சமய வேறுபாடின்றி எவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய 60 நாள் வழங்கப்படுகின்றது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தத்தாணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகின்றார். 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பதினெட்டு வயது நிறைந்த தத்துப் பிள்ளை தானே வேர்தேடலுக்கு விண்ணப்பிக்க இடம் தருகின்றன. பெற்றவரின் மறைவுரிமையும் அதனுடன் காக்கப்படுகின்றது. ஆபுத்திரனுக்கு மணிபல்லவத்தில் கிட்டியது இன்று விண்ணப்பத்திற்குரிய உரிமையாகியுள்ளது எனலாம்.

வளர்ப்புக் குடும்பங்களுக்கென எழுதப்பட்ட நூல்களின் வரலாறு மேலைநாட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. வாலன்டினா வாசனின் சிறுவர் நூல் 1939இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தத்தாகியதைக் குழந்தைக்கே கதையாகச் சொல்லும் முன்னோடி நூல் அது. டேவிட் கிர்க் 1964இல் வெளியிட்ட ஆய்வு, பெற்ற குடும்பத்திற்கும் வளர்ப்புக் குடும்பத்திற்கும் வேறுபாடு உண்டு என்பதை ஏற்கும் குடும்பங்களே பிள்ளையோடு மனம் விட்டுப் பேச வல்லவை எனக் காட்டியது. இந்தியாவில் நீலிமா மேத்தாவின் பெற்றோர் வழிகாட்டி 1992இலும், வினிதா பார்கவாவின் ஆய்வு 2005இலும் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் இப்பொருளைப் பெருந்திரள் மக்களிடம் கொண்டு சென்றது, 2002இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்னும் திரைப்படமாகும். ஒன்பதாம் பிறந்தநாளில் பெற்றோரே உண்மையைக் கூறுவதும், ஈழத்தில் தாயைத் தேடிச் செல்வதும் அதன் கதை. சொன்ன வாய் பெற்றோருடையது ஆதலின், சிறுமியின் சினமும் வினாக்களும் குடும்பத்திற்குள்ளேயே விடை தேடுகின்றன.

எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழியும் ஒரு வினாவாகும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை ஏற்றுள்ளது. நலக்குழு அறிக்கை, குடும்ப ஆய்வறிக்கை, தத்தாணை ஆகியவை ஒரு பிள்ளை பின்னாளில் தன்னைப் படித்தறியும் நூல்களாகும். அவை அப்பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் கிடைத்தல் சலுகையன்று, உரிமையின் பகுதியேயாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் புலனாகின்றன. தத்து பற்றிய பழைய எழுத்துகளுள் பெரும்பாலானவை மரபுக்காகவும் சொத்துக்காகவும் பிண்டத்திற்காகவும் எழுதப்பட்டவை. அவற்றுள் குழந்தை கொடுக்கப்படுவதும் கொள்ளப்படுவதுமாகிய பொருளாகவே நிற்கின்றது. மணிமேகலை இதற்கு விலக்காகும். பிறப்புச் செய்தி பகைவர் கையில் படைக்கலமாவதையும், தாயின் வாயில் வரலாறாவதையும் அது ஒருங்கே காட்டுகின்றது.

பெண்மகவைத் தத்தெடுத்தும், பிள்ளை என்னும் உறவு முறையால் அமைவது என்பதை ஏற்றும் தென்திருவிதாங்கூர் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னோடியாக இருந்தது. அம்முன்னோடித்தன்மை மரபு காக்கும் தேவையிலிருந்து எழுந்ததேயன்றிக் குழந்தையின் தேவையிலிருந்து அன்று. குழந்தையின் தேவையைச் சட்டம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏற்றது.

எனவே, எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இன்று வேண்டுவது மூன்றாகும்: ஆபுத்திரன் கதை போன்ற மரபுச் செல்வங்களைச் சிறுவர்க்குரிய எளிய தமிழிலும் மலையாளத்திலும் அளித்தல், ஒவ்வொரு தத்துப் பிள்ளைக்கும் கிடைத்த இடம், நாள், காத்தவர், வந்த வழி ஆகியவற்றைக் குறிக்கும் வாழ்க்கைக் குறிப்பேட்டினைத் தொட்டிலிலிருந்தே தொடங்குதல், அலுவலக ஆவணங்களைப் பிள்ளை அறிந்த மொழியில் வழங்குதல். தவிட்டுக்கு வாங்கிய கதையை ஊரார் சொல்வதற்கு முன்னரே, தன் வரலாற்றைத் தன் வீட்டில் கேட்டறிந்த பிள்ளைக்கு அவ்வேளனம் காயமாவதில்லை.